வன்னித் தானியத்தில் சேதன விஸ்கி: சிறு வடிசாலை தொடங்குவோருக்கான முழுமையான வழிகாட்டி

விஸ்கி என்றதும் ஸ்கொட்லாந்தும் வாற்கோதுமையும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆயினும் தானியத்தின் மாப்பொருளைச் சீனியாக மாற்றி, நொதிக்கவிட்டு, வடித்து, மரப்பீப்பாயில் முதிரவைத்த மதுசாரமே பொதுவாக விஸ்கி எனப்படுகிறது. அது எந்தத் தானியமாகவும் இருக்கலாம். சிக்காகோவிலுள்ள கோவால் வடிசாலை சேதன முறையில், அதாவது செயற்கைப் பசளையோ இரசாயன மருந்தோ இன்றி, விளைந்த சிறுதானியத்தை மட்டுமே கொண்டு ஒரு விஸ்கியைத் தயாரிக்கிறது. நேபாள மலைக் கிராமங்களில் ரக்சி எனப்படும் வடிமது பெரும்பாலும் கேழ்வரகு எனவும் அழைக்கப்படும் குரக்கனிலிருந்தே வடிக்கப்படுகிறது. வாற்கோதுமை இலங்கையின் வட பகுதியிலுள்ள வன்னியில் விளையாது. குரக்கனும் நெல்லும் விளையும். எனவே இந்த வழிகாட்டி அவை இரண்டையும் அடிப்படையாகக் கொண்டது.

இத்துறையில் இறங்க எண்ணுவோர் பலர் முதலில் செப்பு வடிகலனுக்கு விலை கேட்கிறார்கள். வன்னியைப் பொறுத்தவரை வடிகலன் கடைசியாக வரவேண்டிய பொருள். காணி, தானியம், களஞ்சியம், முளைகட்டும் கொட்டகை ஆகியவை நிலைபெற்ற பின்னர் வடிகலனை எப்போதும் வாங்கிக்கொள்ளலாம். அவை இல்லாமல் வாங்கிய வடிகலனோ கடன் வட்டியை மட்டுமே வடிக்கும்.

முதற்படி: உரிமமும் ஊரின் சம்மதமும்

இலங்கையில் மதுசாரம் வடித்தல் 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிறது. மதுவரித் திணைக்களத்தின் உரிமம் இன்றி வடிப்பது குற்றமாகும். பரிசோதனைக்காகச் சிறிதளவு வடித்தோம் என்ற விளக்கம் அதற்கு விலக்காகாது. உரிமம் கையில் வரும்வரை நொதிக்கவைப்பதையும் வடிப்பதையும் தொடவே கூடாது. கட்டணங்களும் வரிவீதங்களும் அவ்வப்போது வர்த்தமானி மூலம் மாற்றப்படுவதால், பழைய தொகையை நம்பித் திட்ட அறிக்கை எழுதாமல் திணைக்களத்திலேயே நேரில் கேட்டறிய வேண்டும். வரி தூய மதுசாரத்தின் அளவை வைத்துக் கணிக்கப்படுவதால், ஒவ்வொரு லீற்றருக்கும் கணக்கு இருக்க வேண்டும் என்பதை நினைவிற்கொண்டே கட்டடத்தின் வரைபடத்தைத் தயாரிக்க வேண்டும்: பூட்டிடக்கூடிய சேகரிப்புத் தாங்கி, மதுவரி அலுவலருக்கான அறை, ஒரே நுழைவாயில் என்பன பின்னர் சேர்த்துக்கொள்ளக்கூடிய வசதிகள் அல்ல.

இதனுடன் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழான சுற்றாடல் பாதுகாப்பு உரிமமும், பிரதேச சபையின் கட்டட அனுமதியும் தேவைப்படும்.

கடதாசியில் வராத அனுமதி ஒன்றும் உண்டு. போருக்குப் பின் மீளக் குடியமர்ந்த ஊர்களில் கசிப்பு எனும் கள்ளச் சாராயத்தால் சீரழிந்த குடும்பங்களை அறியாதவர் இல்லை; மாதர் சங்கங்கள் அதற்கு எதிராக இன்றும் போராடி வருகின்றன. கோயில், பாடசாலை ஆகியவற்றிலிருந்து விலகிய இடத்தைத் தெரிவு செய்வதும், உற்பத்தி உள்ளூரில் சில்லறையாக விற்கப்படாது என்பதை எழுத்தில் உறுதிப்படுத்துவதும், கமக்காரர் அமைப்பையும் மாதர் சங்கத்தையும் தொடக்கத்திலேயே அழைத்துப் பேசுவதும் மரியாதைக்காக மட்டும் செய்யப்படுபவை அல்ல. ஊர் எதிர்த்தால் தானியமும் வராது, வேலையாட்களும் வரமாட்டார்கள்.

இரண்டாம் படி: தானியத் தெரிவு

குரக்கன் இங்கே முதன்மையான தானியம். முளைகட்டும்போது அதில் உருவாகும், மாப்பொருளைச் சீனியாக்கும் அமிலேசு நொதியங்கள் வெப்பவலயத் தானியங்களுள் குறிப்பிடத்தக்க வலுவுடையவை. ஆகையால் வெளிநாட்டிலிருந்து வாற்கோதுமை முளைத்தானியத்தை இறக்க வேண்டியதில்லை. மானாவாரி மேட்டுநிலத்தில் காலபோக மழையுடன் விளையும் குரக்கன் பூச்சி அதிகம் தொடாத தானியமும் ஆகும். நன்றாகக் காயவைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும்.

நெல் மாப்பொருளின் மூலம். மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற பாரம்பரிய நெல்லினங்கள் செயற்கைப் பசளை இன்றியும் ஓரளவு விளைச்சல் தருபவை என்பதால் சேதன முறைக்குப் பொருந்துகின்றன. தவிடு நீங்காத சிவப்பரிசியைப் பயன்படுத்துவோர், தவிட்டு எண்ணெய் விரைவில் சிக்கு வாடை பிடிக்கும் என்பதால், நெல்லாகவே சேமித்து வைத்துத் தேவைப்படும் வாரத்தில் மட்டும் குற்றிக்கொள்ள வேண்டும்.

சோளத்தைப் பரிந்துரைக்கத் தயக்கம் உண்டு. 2018ஆம் ஆண்டின் இறுதியில் படைப்புழு நாட்டுக்குள் புகுந்த பின்னர், இரசாயன மருந்து இல்லாமல் சோளம் செய்வது இடர் மிகுந்த காரியமாகிவிட்டது. இறுங்கைப் பொறுத்தவரை, அதன் முளையில் சயனைட்டை வெளிவிடும் சேர்மம் உருவாவதால் முளைத்தானியமாகப் பயன்படுத்துவதைத் தவிர்ப்பதே நல்லது.

மூன்றாம் படி: நிலத்தைச் சேதன நிலைக்கு மாற்றுதல்

ஐரோப்பிய ஒன்றியச் சந்தைக்கான சேதனச் சான்று பெற, ஆண்டுப் பயிர்களின் விதைப்புக்கு முன் நிலம் 2 ஆண்டுகள் மாற்றுக் காலத்தில் இருக்க வேண்டும். அமெரிக்க விதி, அறுவடைக்கு முந்திய 36 மாதங்களில் தடைசெய்யப்பட்ட பொருள் எதுவும் இடப்பட்டிருக்கக்கூடாது என்கிறது. இந்தக் காத்திருப்பு ஆண்டுகளில் விளையும் தானியத்தைச் சேதனம் என்று சொல்லி விற்க முடியாது.

இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற குளங்களின் கீழுள்ள வயல்களில் ஒரு சிக்கல் உண்டு. நீர் வயலுக்கு வயல் பாய்கிறது. மேல்வயல்காரர் தெளித்த களைநாசினி கீழ்வயலுக்குத் தானாகவே வந்துசேரும். வாய்க்காலின் தலைப்பிலுள்ள காணிகளையோ, குளத்தை நம்பாத மானாவாரி வயல்களையோ தெரிவு செய்வதும், எல்லையில் பயன்படுத்தாத இடைவெளி விட்டு வரம்பை உயர்த்துவதும் பரிசோதகரின் கேள்விக்குப் பதிலாக அமையும். மேட்டுநிலக் குரக்கனுக்கு இந்தத் தொல்லை குறைவு.

சிறு கமக்காரர் ஒவ்வொருவரும் தனித்தனியே சான்று பெறுவது கட்டுப்படியாகாது. ஐரோப்பிய விதிகளின் கீழ், ஒவ்வொருவரும் 5 ஹெக்டெயருக்கு மேற்படாத நிலம் வைத்திருக்கும் கமக்காரர்கள், 2000 பேர்வரை, சட்டபூர்வமான ஒரு குழுவாகப் பதிந்து கூட்டுச் சான்று பெற வழியிருக்கிறது. வன்னியில் கூட்டுறவுச் சங்கங்களுக்கு நீண்ட பழக்கம் உண்டு என்பதால் இது கைக்கெட்டாத ஏற்பாடு அல்ல.

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே நாளில் தடைசெய்யப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் தடை நீக்கப்படும் முன்னரே விளைச்சல் சரிந்த நினைவு இன்னும் பசுமையாக இருக்கிறது. ஆகவே ‘சேதனம்’ என்ற பேச்சை எடுத்ததும் கமக்காரர் சந்தேகத்துடன் பார்ப்பது நியாயமே. விதைப்புக்கு முன்பே விலையை எழுத்தில் உறுதிசெய்வதும், மாற்றுக் காலத்தின் விளைச்சல் குறைவில் ஒரு பகுதியை வடிசாலை ஏற்பதும், முழுக் காணியையும் அன்றி முதலில் ஓர் ஏக்கரை மட்டும் கேட்பதும் அந்தச் சந்தேகத்தைக் குறைக்கும். வாய்ப்பேச்சு குறைக்காது.

நான்காம் படி: களஞ்சியம்

காலபோக அறுவடை மாசி, பங்குனியில் முடிகிறது. நொதித்தலுக்கு ஏற்ற குளிர்ந்த இரவுகளோ மார்கழி, தை மாதங்களில்தான் வருகின்றன. ஆகவே தானியம் ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் வன்னியின் வெயிலிலும் சோளகக் காற்றிலும் காத்திருக்க வேண்டும். இரசாயனப் புகையூட்டலுக்கு இங்கே இடமில்லை. ஈரப்பதனை 12 சதவீதத்துக்குக் கொண்டுவந்து, காற்றுப் புகாத பைகளில் அடைத்து, நிலத்தில் படாமல் மரச்சட்டத்தின் மீது அடுக்கினால், உள்ளே ஒட்சிசன் தீர்ந்து பூச்சி மடியும். புதிதாக அறுத்த நெல்லுக்கு உறங்குகாலம் உண்டு என்பதால், முளைகட்ட விரும்பும் நெல்லுக்கும் இந்தக் காத்திருப்பு நன்மையே.

ஐந்தாம் படி: முளைகட்டுதல்

இந்தப் படியே சுவையையும் விளைவையும் தீர்மானிக்கிறது. இதற்கு மதுவரி உரிமமும் தேவையில்லை. உரிமத்துக்கும் சேதனச் சான்றுக்கும் காத்திருக்கும் ஆண்டுகளில் முளைக்குரக்கனைத் தயாரித்து, அதை மாவாக்கிச் சிறுவர் உணவுக்கு விற்றால் வருமானமும் வரும், வேலையாட்களின் கையும் பழகும். முளைக்குரக்கன் மா செய்யத் தெரிந்த பெண்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களையே இப்பகுதிக்குப் பொறுப்பாக நியமிப்பது சிறந்தது.

முதல் வேலை கல் நீக்குதல். குரக்கன் மணியின் அளவிலேயே மண்ணும் குறுணிக் கல்லும் கலந்திருக்கும். சுளகில் புடைத்த பின், நீரில் அரித்து எடுக்காவிட்டால் அரைக்கும் இயந்திரத்தின் உருளைகள் தேய்ந்துவிடும். பின்னர் சுத்தமான நீரில் ஓர் இரவும் மறுநாள் காலையும், இடையில் இரண்டு மூன்று முறை நீரை மாற்றி, ஊறவிட வேண்டும். நீரை மாற்றாமல் விட்டால் புளித்த வாடை வந்து முளைப்பு குறையும்.

ஊறிய தானியத்தை நீர் வடித்து, ஈரச் சாக்கின் மீது இரண்டு விரற்கடை உயரத்துக்குப் பரப்பி, மேலே இன்னொரு ஈரச் சாக்கால் மூட வேண்டும். வாற்கோதுமைக்கு 15 பாகை செல்சியஸ் அளவிலான குளிர் வேண்டும். குரக்கன் 25 முதல் 30 பாகைக்குள் நன்றாக முளைப்பதால், ஓலையோ ஓடோ வேய்ந்த நிழல் கொட்டகையே போதும். இரண்டாம் நாளில் வெண்ணிற வேர்கள் ஒன்றோடொன்று பின்னிப் பாய்போல் இறுகத் தொடங்கும். கைவிரல்களை அடியில் செலுத்தி மெதுவாக உதிர்த்துப் புரட்ட வேண்டும். அப்போது உள்ளே சூடு ஏறியிருப்பதை உள்ளங்கையால் உணரலாம். 35 பாகையைத் தாண்டினால் மெல்லியதாகப் பரப்பிச் சூட்டைத் தணிக்க வேண்டும். நல்ல முளையில் பச்சை வாசம் இருக்கும். சாம்பல், கறுப்பு, இளஞ்சிவப்பு நிறப் பூஞ்சணம் எங்கேனும் தெரிந்தால் அந்தப் பரப்பைப் பொறுக்கி எடுக்க முயலாமல் முழுவதையும் ஒதுக்கிவிட வேண்டும். பூஞ்சண நஞ்சு வெப்பத்தால் போவதில்லை. தானியக் கழிவு மாட்டுக்குப் போகவிருப்பதையும் மறக்கக்கூடாது.

48 முதல் 72 மணி நேரத்தில், முளை மணியின் நீளத்தைப் போல் இரண்டு மூன்று மடங்கான நிலையில், நிறுத்திக் காயவைக்க வேண்டும். முதலில் நிழலில் காற்றோட்டமாகவும், பின் 50 பாகைக்கு மேற்படாத சூட்டிலும் உலர்த்துவது நொதியங்களைக் காக்கும். வன்னிப் பகல் வெயிலில் கருநிறத் தகரத்தின் மீது பரப்பினால் சூடு எளிதில் 50 பாகையைத் தாண்டும்; பனம்பாயே பாதுகாப்பானது.

ஆறாம் படி: நீரும் மாக்கஞ்சியும்

வன்னியின் உட்பகுதிக் கிணற்று நீர் பல இடங்களில் கடினமானது. வவுனியாப் பக்கத்தில் புளோரைட்டும் கூடுதலாகக் காணப்படுகிறது. நீரின் காரத்தன்மை, அரிசியும் முளைமாவும் நீரும் சேர்ந்த மாக்கஞ்சியின் பிஎச் அளவை உயர்த்தி நொதியங்களைத் தளர்த்தும் என்பதால், ஆய்வுகூட அறிக்கை ஒன்றைப் பெற்ற பின்னரே கிணற்றைத் தெரிவு செய்ய வேண்டும். ஊர்களில் குடிநீருக்காக நிறுவப்பட்டிருப்பதைப் போன்ற எதிர்ச்சவ்வூடுபரவல் வடிகட்டி வடிசாலைக்கும் வேண்டியதே.

தொடக்க விகிதமாக 60 கிலோகிராம் அரிசிக் குறுணலையும் 40 கிலோகிராம் முளைக்குரக்கன் மாவையும் ஏறத்தாழ 400 லீற்றர் நீரையும் எடுத்துக்கொள்ளலாம். அரிசியை அப்படியே கொதிக்கவைத்தால் களியாக இறுகிக் கலக்கியையே நிறுத்திவிடும். எனவே முளைமாவில் 5 கிலோகிராமை முதலிலேயே சேர்த்து, 70 பாகை அளவில் சிறிது நேரம் வைத்து நெகிழவிட்டு, பின் கொதிநிலைக்குக் கொண்டுசென்று ஒரு மணி நேரம் வேகவிட வேண்டும். அதன்பின் 65 பாகைக்கு ஆறவைத்து, மீதி முளைமாவைச் சேர்த்து, பிஎச் 5.2 முதல் 5.6 வரை இருப்பதை உறுதிசெய்து, ஒன்றரை மணி நேரம் அதே சூட்டில் வைத்திருக்க வேண்டும்.

மாற்றம் நிறைவுற்றதா என்பதை அறிய, மாக்கஞ்சியின் மேல் தெளிந்து நிற்கும் நீரில் ஒரு கரண்டியை வெள்ளைப் பீங்கான் தட்டில் ஊற்றி, ஆறிய பின் ஒரு துளி அயடீன் கரைசலை விட வேண்டும். கருநீலம் தோன்றினால் மாப்பொருள் இன்னும் மிஞ்சியிருக்கிறது. அயடீனின் பழுப்பு நிறம் மாறாமல் நின்றால் வேலை முடிந்தது. மாற்றம் தொடர்ந்து தாமதித்தால், மரபணு மாற்றம் செய்யப்படாத உயிரியிலிருந்து பெற்ற, சேதன விதிகள் அனுமதிக்கும் நொதியத்தைச் சிறிதளவு சேர்க்கலாம். வடிகட்டும் எண்ணமிருந்தால், கழுவிய உமியைச் சேர்ப்பது அவசியம். குரக்கனுக்கு வடிபடுக்கையாக நிற்கக்கூடிய உமி கிடையாது.

ஏழாம் படி: நொதித்தல்

மாக்கஞ்சியை விரைவாக 28 பாகைக்கு இறக்க வேண்டும். தாமதித்தால் பற்றீரியா முந்திக்கொள்ளும். கிணற்று நீரே ஏறத்தாழ 28 பாகையில் இருக்கும் நாட்டில் இது சொல்வதைப் போல் எளிதன்று. பிற்பகலில் மாக்கஞ்சியைத் தயாரித்து, இரவில் ஆறவைத்து, மதுவத்தை (ஈஸ்ட்) விடியலுக்கு முன் சேர்ப்பது ஒரு வழி. நொதித்தல் தன்னளவில் சூட்டை உண்டாக்கும். 35 பாகைக்கு மேல் மதுவம் திணறி, கனமதுசாரங்களை அதிகமாக வெளிவிட்டு, சீனியை மிச்சம் வைத்தே நின்றுவிடும். மார்கழி, தை, மாசி ஆகிய மூன்று மாதங்களை மட்டும் நொதித்தல் பருவமாக வைத்துக்கொள்வது குளிரூட்டிக்குக் கொடுக்கும் மின்கட்டணத்தை விட மலிவானது. மூன்று முதல் ஐந்து நாட்களில் நொதித்தல் அடங்கி, 7 சதவீத அளவிலான மதுசாரம் கொண்ட புளித்த கஞ்சி கிடைக்கும்.

எட்டாம் படி: வடித்தல்

வடிகலன் செப்பினாலானதாக இருக்க வேண்டும். நொதித்தலில் உருவாகும் கந்தகச் சேர்மங்களைச் செப்பு பிடித்துக்கொள்கிறது. அடியில் நேரடித் தீ மூட்டினால் அரிசிக் கஞ்சி அடிப்பிடித்துக் கருகும். நீராவி உறை கொண்ட கலனே பொருத்தம். கொதிகலனுக்கு அரிசி ஆலைகளில் குவிந்துகிடக்கும் உமி நல்ல எரிபொருளாகும்.

முதல் வடிப்பில் கஞ்சியின் மதுசாரம் முழுவதையும் பிரித்தெடுத்தால், மூன்றில் ஒரு பங்கு கனவளவில் 20 சதவீதத்தை ஒட்டிய திரவம் கிடைக்கும். இரண்டாம் வடிப்பில் மூன்று பகுதிகளைப் பிரிக்க வேண்டும். எதனோல் 78.3 பாகையில் கொதிக்கிறது. அதற்கு முன் ஆவியாகும் காரமான, வார்னிஷ் வாடை கொண்ட தலைப்பகுதி தனியே ஒதுக்கப்படும். நடுப்பகுதி ஏறத்தாழ 75 சதவீதத்திலிருந்து 60 சதவீதம்வரை சேகரிக்கப்படும். ஈரச் சாக்கு வாடை தொடங்கும் இடத்தில் வால்பகுதி ஆரம்பிக்கிறது. எண்ணை நம்பாமல் மூக்கை நம்ப வேண்டும்: சிறிய போத்தல்களில் வரிசையாகப் பிடித்து, நீர் சேர்த்து 20 சதவீதமாக்கி முகர்ந்தால் எல்லை தெளிவாகும். தலையும் வாலும் அடுத்த முறை வடிப்புடன் சேர்க்கப்படும்.

மெதனோலைப் பற்றிய அச்சம் பரவலாக இருக்கிறது. பெக்ரின் குறைவான தானியக் கஞ்சியில் அது மிகச் சிறிதளவே உருவாகிறது; உயிரைக் குடித்த சம்பவங்கள் பெரும்பாலும் தொழிற்சாலை மெதனோலைக் கலந்ததால் நேர்ந்தவை. ஆயினும் ஒவ்வொரு தொகுதியையும் ஆய்வுகூடத்துக்கு அனுப்புவது கட்டாயம்.

தீயே உண்மையான ஆபத்து. 40 சதவீத மதுசாரத்தின் தீப்பற்றுநிலை 26 பாகை அளவில் இருக்கிறது. வன்னியில் பகலின் பெரும்பகுதி அந்த நிலைக்கு மேல்தான். மதுசார ஆவி காற்றை விடக் கனமானது என்பதால் காற்றுத் துவாரங்கள் தரை மட்டத்திலும் இருக்க வேண்டும். கொதிகலனைத் தனிக் கட்டடத்தில் வைக்க வேண்டும். குளிர்விக்கும் நீர் சூடாக இருப்பதால் ஒடுக்கியின் பரப்பைக் குளிர்நாட்டு வடிவமைப்பை விடப் பெரிதாக அமைத்து, நீரை நிழலுள்ள தொட்டியில் சுழலவிட வேண்டும். வெளியேறும் மதுசாரம் கைக்குச் சுட்டால் வடிப்பை உடனே மெதுவாக்க வேண்டும்.

ஒன்பதாம் படி: பீப்பாய்

ஐரோப்பாவில் விஸ்கி என்று விற்க, 700 லீற்றருக்கு மேற்படாத மரப்பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டுகள் முதிர்ந்திருக்க வேண்டும். மதுசார அளவு 40 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. அங்கே மரம் எது என்று விதிக்கப்படவில்லை. அமெரிக்கச் சந்தைக்கோ ஓக் மரமே வேண்டும். இலங்கையின் தென்னஞ் சாராயம் ஹல்மில்ல எனப்படும் சவண்டலை மரத் தொட்டிகளில் முதிர்ந்து வந்திருக்கிறது. அந்த மரம் வன்னிக் காடுகளுக்கும் உரியது. 200 லீற்றர் ஓக் பீப்பாய்களை முதன்மையாக வைத்துக்கொண்டு, அரச மரக் கூட்டுத்தாபனத்தின் வழியாகச் சட்டபூர்வமாகப் பெற்ற சவண்டலையில் ஒன்றிரண்டை நிரப்பிப் பார்ப்பது பொருத்தமான துணிவு.

ஸ்கொட்லாந்தில் பீப்பாயிலுள்ள மதுசாரம் ஆண்டுக்கு 2 சதவீத அளவில் ஆவியாகும். பெங்களூரின் அம்ருத் வடிசாலை போன்ற வெப்பநாட்டு இடங்களில் அது 10 சதவீதத்தையும் தாண்டும். ஆகவே இங்கே 12 ஆண்டு விஸ்கி என்ற கனவு வேண்டாம். மூன்று நான்கு ஆண்டுகளே போதும். சோளகக் காற்று வீசும் வரண்ட மாதங்களில் மதுசாரத்தை விட நீர் விரைவாக வெளியேறுவதால் பீப்பாயின் வீரியம் ஏறவும் கூடும். 58 சதவீதத்தில் நிரப்பி, ஆண்டுக்கு இருமுறை அளந்து பார்க்க வேண்டும். பீப்பாய்க் களஞ்சியத்துக்குத் தடித்த சுவரும் ஓட்டுக்கூரையும் மேற்குப் புறத்தில் நிழல் மரமும் தேவை. ஓலைக்கூரை அழகாக இருந்தாலும் இங்கே கூடாது.

கணக்கைப் பார்ப்போம். 1 கிலோகிராம் மாப்பொருளிலிருந்து கோட்பாட்டளவில் 0.72 லீற்றர் தூய மதுசாரம் கிடைக்கும். இழப்புகளைக் கழித்து 100 கிலோகிராம் தானியத்துக்கு 30 லீற்றர் என்று வைத்து, ஆண்டுக்கு 8 சதவீதம் ஆவியானால் 3 ஆண்டுகளின் பின் 23 லீற்றர் மிஞ்சும். 40 சதவீதத்தில் அது 58 லீற்றர், அதாவது 750 மில்லிலீற்றர் போத்தல் 77. தானிய விலையை இரட்டிப்பாகக் கொடுத்தாலும் போத்தலொன்றின் செலவில் அதன் பங்கு சிறியதே என்பது இதிலிருந்து தெரியும். பீப்பாயும் வட்டியும் வரியுமே பெரியவை. கமக்காரரிடம் பேரம் பேசிச் சேமிக்க அங்கே எதுவும் இல்லை.

பத்தாம் படி: கழிவு

ஒவ்வொரு தொகுதியிலும் 300 லீற்றருக்கு மேல் புரதம் நிறைந்த கஞ்சி மிஞ்சும். அதை வாய்க்காலில் விட்டால் நீரிலுள்ள ஒட்சிசனை உறிஞ்சி மீனைக் கொல்லும். ஆறவைத்து அன்றே மாட்டுக்குக் கொடுத்தால் நல்ல தீவனம். இரண்டாம் வடிப்பின் மீதியில் செப்பு கலந்திருப்பதால் அதை இதனுடன் சேர்க்கக்கூடாது.

பதினோராம் படி: போத்தலும் சந்தையும்

வீரியத்தைக் குறைக்கக் கிணற்று நீரைச் சேர்த்தால் கல்சியம் வீழ்படிந்து மங்கும். தாதுநீக்கிய நீரை நாட்கணக்கில் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். 46 சதவீதத்தில் அடைத்தால், குளிரில் மங்காமலிருக்கச் செய்யப்படும் குளிர்வடிகட்டல் தேவைப்படாது.

2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மதுசார விளம்பரத்தையும் 21 வயதுக்குக் குறைந்தோருக்கு விற்பதையும் தடைசெய்கிறது; உள்நாட்டில் பெயரைப் பரப்பும் வழி குறுகியது என்பதால் ஏற்றுமதியையே முதற் சந்தையாகக் கொள்வது நடைமுறைக்கு ஏற்றது. சிட்டையில் தானியம், போகம், விளைந்த ஊர், நிரப்பிய ஆண்டு, பீப்பாய் இலக்கம் ஆகியவற்றை அச்சிட வேண்டும். அதே இலக்கம் கமக்காரரின் சாக்கிலிருந்து முளைப் பதிவேடு, வடிப்புப் பதிவேடு, மதுவரிக் கணக்கு வரை மாறாமல் வந்திருக்க வேண்டும். சேதனச் சான்றுப் பரிசோதகர் ஒரு போத்தலைக் கையில் எடுத்துப் பின்னோக்கித்தான் கேட்டுக்கொண்டு போவார்.